சவாசனத்தின் சரித்திரம்

ஹடயோக நூல்கள் வருணிக்கும் ஆசனங்களுள், பார்ப்பவருக்கு வியப்பையும் பயிலுபவருக்குப் பெருமையையும் தராத ஆசனம் ஒன்று உண்டு. உள்ளங்கைகளை ஊன்றி உடல் முழுவதையும் மயிலாசனத்தில் தாங்கி நிற்பதும், தலைகீழாக நின்று கால்களை வானோக்கி நீட்டுவதும் சித்திரக்காரர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் உகந்த காட்சிகளாக இருக்க, தரையில் மல்லாந்து, கைகால்களைத் தளரவிட்டு, கண்களை மூடிப் பிணம் போல் கிடப்பதைப் படம் பிடித்து யாரிடம் காட்டுவது? 15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை இதற்கு ஒரே ஒரு சுலோகத்தை ஒதுக்கி, களைப்பைப் போக்கும், சித்தத்துக்கு ஓய்வு தரும் என்ற இரண்டு பலன்களை மாத்திரம் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. பிற்காலத்து நூலான கேரண்ட சம்ஹிதை, மிருதாசனம் என்ற பெயரில் இதைத் தன் 32 ஆசனங்களுள் ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய அதே பலன்களையே கூறுகிறது. இவ்விரண்டுக்கும் முற்பட்ட தத்தாத்ரேய யோகசாஸ்திரத்திலோ, பிணம் போல் கிடத்தல் ஆசன வரிசையில் இடம்பெறாமல், மனத்தை லயிக்கச் செய்யும் உபாயங்களுள் ஒன்றாக வருகிறது. ஆகவே, உடலை வருத்திய பின் இளைப்பாறுவதற்கான ஒரு சௌகரியமாக அன்றித் தனித்து நிற்கத்தக்க ஓர் அப்பியாசமாகவே ஆதியில் அதைக் கருதினார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

இத்தனை எளிய ஒன்று வைத்திய சாலைக்குள் நுழைவதற்கு 1969-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பதே என்னுடைய வினா. ஓய்வு நல்லது என்பதை அறியாத சமூகம் உலகில் எதுவும் இருந்ததில்லை. ஆனால், ஓய்வு என்பது வேலை நின்றவுடன் தானாக வந்து சேர்வது அன்று, கற்றுக்கொண்டு பழக வேண்டிய ஒரு வித்தை என்பதை வைத்திய சாஸ்திரம் ஏற்றுக்கொள்ள வெகு காலம் பிடித்தது. அதற்குள் அது சில விசித்திரமான வழிகளில் சுற்றி அலைந்தும் வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நகரங்களில் வாழ்ந்த வசதியுள்ள மக்களிடையே, தூக்கமின்மை, தலைவலி, அஜீரணம், காரணம் தெரியாத அயர்ச்சி, எதிலும் ஊக்கமின்மை ஆகியவை ஒன்றுசேர்ந்த ஒரு நோய்க்கூட்டம் பரவலாகக் காணப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் பியர்ட் என்ற வைத்தியர் 1869-இல் அதை நரம்புத் தளர்ச்சி என்று ஒரு தனி வியாதியாகவே வகுத்துக் காட்டினார். பின்னர் 1881-இல் எழுதிய நூலில், நீராவி யந்திரம், தந்தி, தினசரிப் பத்திரிகை, விஞ்ஞானம், பெண்களின் மூளை உழைப்பு ஆகியவையே இதற்கு மூலகாரணங்கள் என்று அவர் பட்டியலிட்டார். கடைசிக் காரணத்தைப் படிக்கும்போது இன்றைய வாசகருக்குச் சிரிப்பு வரலாம். எனினும், நாகரிகத்தின் வேகம் சரீரத்தைப் பாதிக்கும் என்ற அவருடைய அடிப்படை ஊகத்தைப் பின்வந்தவர்கள் தள்ளிவிடவில்லை.

இந்த வியாதிக்குச் சிகிச்சையாக ஓய்வையே மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுத்தவர் பிலடெல்பியா நகரத்து வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்புகளில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துப் பெரும் புகழ் பெற்ற அவர், 1870-களில் வகுத்த ஓய்வுச் சிகிச்சை கேட்பதற்கு இன்பமாகவும் அனுபவிப்பதற்குக் கொடுமையாகவும் இருந்தது. நோயாளி, பெரும்பாலும் ஒரு பெண், ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை படுக்கையை விட்டு எழக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தைக்கக் கூடாது, உறவினரைக் காணக் கூடாது. பாலும் கொழுப்பு மிக்க உணவும் வேளை தவறாமல் ஊட்டப்படும். அசையாத உடல் மெலிந்துவிடாதபடி பிறர் வந்து பிடித்துவிடுவார்கள். அதே மிட்செல், களைத்துப்போன ஆடவர்களுக்கு மாத்திரம் மேற்குப் பிரதேசங்களுக்குச் சென்று குதிரையேறி, வேட்டையாடி, திறந்த வெளியில் உறங்கும்படி ஆலோசனை கூறினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1887-இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவரான எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், இனி வாழ்நாளில் பேனாவையோ தூரிகையையோ தொடலாகாது என்ற கட்டளையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதைச் சில மாதங்கள் அனுசரித்துப் பார்த்து, சித்தம் கலங்கும் எல்லை வரை சென்று மீண்டார். அந்த அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு 1892-இல் அவர் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை, அக்காலத்து வைத்தியத்தின் மீது சுமத்தப்பட்ட வன்மையான குற்றப்பத்திரிகை என்றே சொல்லலாம். சரீரத்தைக் கட்டிலில் கிடத்திவிட்டதனால் மனம் படுத்துவிடுவதில்லை; அடைத்து வைக்கப்பட்ட மனம் முன்னிலும் அதிகமாக ஓடத் தொடங்கும் என்பதை மிட்செல் கவனிக்கவில்லை. அவர் நோயாளிக்கு விதித்தது சிறைவாசமே.

சரீரத்துக்கும் மனக் கலக்கத்துக்கும் உள்ள உறவைக் கண்ணால் காணும்படி செய்தது ஒரு பூனை. ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் மாணவராயிருந்த வால்டர் கானன், அப்பொழுதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, பிஸ்மத் கலந்த உணவைத் தின்ற பூனையின் இரைப்பை எப்படி அசைகிறது என்று 1897-ஆம் ஆண்டளவில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாயிருந்தபோது அலையலையாகச் சுருங்கி விரிந்த இரைப்பை, அது சினங்கொண்டோ கலவரப்பட்டோ திமிறியவுடன் சட்டென்று நின்றுபோயிற்று. சாந்தம் அடைந்த பின்னரே மீண்டும் இயங்கியது. இதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்த கானன், வலி, பசி, பயம், கோபம் ஆகியவை சரீரத்தில் விளைவிக்கும் மாறுதல்களைப் பற்றி 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். அபாயம் நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இரத்தத்தில் அட்ரினலினைச் சொரிகின்றன, இதயம் விரைகிறது, ஈரல் சர்க்கரையை வெளியிடுகிறது, குடலுக்குச் சென்ற இரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ உடல் ஒரு நொடியில் ஆயத்தமாகிறது. புலியைக் கண்டவனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால், மேலதிகாரியின் முகத்தையும் கடன்காரனின் கடிதத்தையும் கண்டவனுக்கும் இதே ஏற்பாடுதான். அவனோ போராடவும் முடியாது, ஓடவும் முடியாது.

அவ்வாறு நீண்டுபோகும் ஆயத்த நிலையில் சரீரம் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர், வியன்னாவில் பிறந்து, பிராக் நகரில் கல்வி கற்று, கனடாவின் மான்ட்ரியலில் குடியேறிய ஹான்ஸ் செல்யே. மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குச் சூலகத்திலிருந்து எடுத்த சில சத்துகளை ஊசி மூலம் செலுத்திப் புதியதொரு ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்த அவர், எதைச் செலுத்தினாலும் ஒரே விளைவு ஏற்படுவதைக் கண்டு முதலில் மனம் உடைந்தார். அட்ரினல் சுரப்பி வீங்கிற்று. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கிற்று. இரைப்பையில் புண்கள் தோன்றின. குளிரில் வைத்தாலும், ஓயாமல் ஓடவிட்டாலும், விஷம் கொடுத்தாலும் இதே மூன்றுதான். தோல்வியடைந்த பிரயோகமே தாம் தேடாத ஒன்றைக் காட்டிவிட்டது என்று உணர்ந்த செல்யே, 1936 ஜூலை மாதத்து 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக அதை எழுதினார். திடுக்கிடும் நிலை, தாக்குப்பிடிக்கும் நிலை, சோர்ந்து வீழும் நிலை என்று அவர் வகுத்த மூன்று படிகளும் பின்னர் உலகெங்கும் பிரசித்தி பெற்றன. அவருடைய பிற்கால ஆராய்ச்சிகளுக்குப் புகையிலைக் கம்பெனிகள் பொருளுதவி செய்தன என்பது அவர் காலமான பின் வெளிவந்த தஸ்தாவேஜுகளால் தெரிய வருகிறது. மாரடைப்புக்குச் சிகரெட்டை விட மனச்சுமையே காரணம் என்று சொல்லக்கூடிய ஒரு நிபுணர் அக்கம்பெனிகளுக்கு எவ்வளவு அவசியமாயிருந்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. எலிகள் காட்டிய உண்மை அதனால் பொய்யாகிவிடாது. ஆயினும், இத்துறையில் வெளிவந்த ஒவ்வொரு பெருங்கூற்றையும் சற்றே நிதானித்துப் படிக்கும் பழக்கத்தை இது நமக்குக் கற்பிக்கிறது.

செல்யேவுக்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் விவரங்களை நிரப்பின. கார்டிசால் என்னும் ஹார்மோன் அளவுக்கு மேல் நெடுங்காலம் நிலைத்திருந்தால் சர்க்கரையின் கட்டுப்பாடு தளர்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைகிறது, தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறிய இடத்திலேயே தங்கிவிடப் பார்க்கிறது. இவற்றுள் மனத்தில் தைக்கும்படியான ஒரு சான்று, அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய சகாக்களும் 1995-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. புத்தி மங்கிய உறவினரை வீட்டில் வைத்து இரவு பகலாகப் பராமரித்துவந்த 13 பெண்களின் முன்கையிலும், அத்தகைய சுமை இல்லாத வேறு 13 பெண்களின் முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்புச் சுமை தாங்கியவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் அதிகமாயிற்று. மனச்சுமை தோலின் மீது எழுதிய கணக்கு அது.

இந்தியாவில் யோகத்தை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்த முதல்வர்களுள் தலையாயவர் சுவாமி குவலயானந்தர். 1883-இல் குஜராத்தில் ஜகந்நாத் கணேச குணே என்ற பெயருடன் பிறந்து, மால்ஸரில் வாழ்ந்த பரமஹம்ச மாதவதாஸரிடம் யோகம் பயின்ற அவர், 1924-இல் பம்பாய்க்கும் புனேக்கும் இடையே மலைமீதுள்ள லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, அதே ஆண்டில் 'யோக மீமாம்ஸா' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். வயிற்றை உள்ளிழுக்கும்போது குடலில் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது, தலைகீழாக நிற்கும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பவற்றைக் கருவிகளால் அளந்து அவர் அப்பத்திரிகையில் வெளியிட்டார். 1927-இல் இரத்த அழுத்தம் மிகுந்து தளர்ந்துபோய், மைசூர் சமஸ்தானத்து நந்தி மலையில் ஓய்வெடுக்க நேர்ந்த காந்தியடிகள், ஆசனங்களைப் பற்றிக் குவலயானந்தருக்குக் கடிதங்கள் எழுதி ஆலோசனை கேட்டார். தம் சரீரத்தையே பிரயோகசாலையாகக் கொண்டிருந்த ஒருவருக்கும், பிரயோகசாலையையே ஆசிரமமாக்கிக்கொண்ட ஒருவருக்கும் இடையே நடந்த அக்கடிதப் போக்குவரத்து, இரத்த அழுத்தத்துக்கும் யோகத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆரம்பகாலச் சம்பவங்களுள் ஒன்றாகும்.

ஆனால், வெளியுலகின் கவனம் வேறு திசையில் இருந்தது. யோகி என்றால் இதயத்தை நிறுத்திக் காட்டுபவன், மண்ணுக்குள் புதையுண்டு உயிருடன் எழுபவன் என்ற எண்ணமே ஐரோப்பியரையும் நம்மவரையும் ஒருங்கே மயக்கியிருந்தது. தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய நிபுணர் 1935-இல் இதய மின்வரைவுக் கருவியைச் சுமந்துகொண்டு இந்தியா வந்து யோகிகளைத் தேடித் திரிந்தார். பின்னாளில் சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாசாரியரையும் அவர் மைசூரில் கண்டு சோதித்தார். 1961-இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர் இதே சங்கதியை மேலும் நுட்பமாக ஆராய்ந்தபோது, இதயம் நிற்கவில்லை, மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குவதால் நாடி விரலுக்குத் தட்டாமல் போகிறது, அவ்வளவே என்று தெரிய வந்தது. அதே ஆண்டில் தில்லியில் ஆனந்தும் அவருடைய சகாக்களும் காற்றுப் புகாத பெட்டிக்குள் அமர்ந்த ராமானந்த யோகி என்பவரைச் சோதித்து, அவருடைய சரீரம் செலவிடும் பிராணவாயு குறைந்திருந்ததைக் கண்டார்கள். இந்த இரண்டாவது முடிவே உண்மையில் பெறுமதியானது. என்றாலும், பெட்டிக்குள் அமர்ந்த யோகி பத்திரிகைச் செய்தியாவார், பாயில் படுத்துக் கிடக்கும் குமாஸ்தா ஆக மாட்டார். அற்புதத்தைத் தேடிய கண்ணுக்குச் சவாசனம் அகப்படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இதற்கிடையே, யோகத்தின் வாடையே படாமல் ஏறக்குறைய அதே இடத்துக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்திருந்தார் எட்மண்ட் ஜேகப்ஸன். 1908-ஆம் ஆண்டளவில் ஹார்வர்டில் ஆராய்ச்சி தொடங்கிப் பின் சிகாகோவில் நிலைத்த அவர், பதற்றம் என்பது தசைகளின் இறுக்கமாகவே சரீரத்தில் தங்குகிறது என்றும், தசைகள் அடியோடு தளர்ந்துவிட்டால் பதற்றம் தங்க இடமின்றிப் போகிறது என்றும் கண்டார். ஒரு கையை மடக்கி, அந்த இறுக்கத்தை உணர்ந்து, பின் அதை விட்டு, விட்டபின் உள்ள நிலையை உணர்ந்து, இப்படி அங்கம் அங்கமாகப் பழக்குவது அவருடைய முறை. அதை 1929-இல் நூலாக வெளியிட்டார். படுத்து ஓய்வெடுப்பதாகச் சொல்பவர்களின் தசைகளிலும் நுண்ணிய மின்னோட்டம் நின்றபாடில்லை என்று கருவி வைத்துக் காட்டியதே அவருடைய பெரிய கொடை. மிட்செலின் நோயாளிகள் ஏன் குணமடையவில்லை என்பதற்கான விடை, அவர்கள் எழுந்து போய் அரை நூற்றாண்டு கழித்து, இந்தக் கருவியில் எழுதப்பட்டது. ஜேகப்ஸன் தம்மிடம் வருபவர்களுக்குப் பல மாத காலம் பயிற்சி அளித்தார். ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்கும்படி கேட்டவர்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

பம்பாயில் கே. ஈ. எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இதய நிபுணர் கே. கே. தாதேயும் அவருடைய சகாக்களும் 1969-இல் 'ஆஞ்ஜியாலஜி' பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையோடு சவாசனத்தின் வைத்தியச் சரித்திரம் முறைப்படி தொடங்குகிறது. அக்கட்டுரையை எழுதிய நால்வருள் லோனாவாலாவின் கைவல்யதாமத்தைச் சேர்ந்த வினேகரும் ஒருவர். இரத்த அழுத்த நோயாளிகள் 47 பேர், தினந்தோறும் அரை மணி நேரம் மல்லாந்து படுத்து, கால்களையும் கைகளையும் சற்றே அகலவிட்டு, உதரவிதானம் அசையும்படி மெதுவாக மூச்சை இழுத்து, சிறிது நிறுத்தி, விட்டு, விட்டபின் அதைவிடக் கூடுதலாக நிறுத்தி, உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியையும் வெளியே வரும் காற்றின் வெதுவெதுப்பையும் நாசித் துவாரங்களில் கவனித்திருக்க வேண்டும் என்பது விதி. சரியாகப் பழக ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. மருந்தே உட்கொள்ளாத பத்துப் பேரின் சராசரி அழுத்தம் 134-இலிருந்து 107-க்கு இறங்கியது. மருந்து உட்கொண்டு வந்தவர்களுள் பலருக்கு மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்க முடிந்தது. ஒப்பிடுவதற்குத் தனியாக ஒரு கூட்டத்தாரை வைத்துக்கொள்ளாதது இந்த ஆராய்ச்சியின் குறை. மருந்தைக் குறைத்தவர்கள் வைத்தியர்களே அன்றி நோயாளிகள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது அவசியம்.

அக்குறையை நிறைவு செய்தவர், இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராயிருந்த இந்திய வம்சத்துப் பெண்மணி சந்திரா படேல். சவாசனத்தோடு, தோலின் மின்தடையை ஓசையாக மாற்றி நோயாளிக்கே தன் நிலையைத் தெரிவிக்கும் கருவியையும் சேர்த்துக்கொண்டு, 1973-இல் 20 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் அவர் எழுதினார். அவர்களுள் ஐவருக்கு மருந்து முற்றும் நிறுத்தப்பட்டது. என் கணிப்பில் இச்சரித்திரத்தின் உச்சம், 1975-இல் நார்த் என்ற புள்ளியியல் அறிஞருடன் சேர்ந்து அவர் செய்த சோதனை. 34 நோயாளிகளைச் சீட்டுப் போட்டது போல் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் கருவியோடு கூடிய சவாசனப் பயிற்சியும், மற்றதற்குப் பயிற்சி எதுவுமின்றி வெறும் ஓய்வும் ஆறு வாரம் கொடுத்தார்கள். பயின்றவர்களின் அழுத்தம் 168/100-லிருந்து 141/84-க்கு இறங்கிற்று. வெறுமனே ஓய்ந்திருந்தவர்களுக்கு 169/101-லிருந்து 160/96 வரையே இறங்கிற்று. பின்னர் இந்த இரண்டாவது கூட்டத்துக்கும் அதே பயிற்சியைக் கற்பித்தபோது, அவர்களும் முதற்கூட்டத்தாரின் நிலைக்கு இறங்கி வந்தார்கள். படுத்துக் கிடப்பதற்கும் படுக்கக் கற்பதற்கும் உள்ள வேற்றுமைக்கு இதைவிடத் தெளிவான எண்கள் வேண்டியதில்லை.

படேல் அதன்பின் கைகோத்தது, வைட்ஹால் ஆராய்ச்சியின் முடிவுகளை வெளியிட்டவர்களுள் ஒருவரான மைக்கேல் மார்மாட்டுடன். லண்டன் அரசாங்க அலுவலகங்களில் 1967 முதல் 17,000-க்கும் மேற்பட்ட ஆடவர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆராய்ச்சி, இதய நோயால் மடிபவர்கள் பெரும் பொறுப்பு வகிக்கும் மேலதிகாரிகள் அல்லர், கீழ்ப்படியில் உள்ள ஏவலாட்களே, அதுவும் மூன்று மடங்குக்கும் மேல் என்று காட்டி, பெரிய மனிதர்களின் வியாதி என்று பியர்ட் காலந்தொட்டு நிலவிய கொள்கையைக் கவிழ்த்தது. புகைப்பழக்கமும் கொழுப்பும் அழுத்தமும் அந்த வேற்றுமையின் ஒரு பங்கையே விளக்கின. தன் வேலையைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமை இல்லாதவனுக்கே கானன் கூறிய ஆயத்த நிலை ஓயாமல் நீடிக்கிறது என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. ஓய்வு மிகவும் தேவைப்படுபவனிடம் ஓய்வுக்கு வேண்டிய அரை மணி நேரம் இருப்பதில்லை. படேலும் மார்மாட்டும் பிறரும் சேர்ந்து, இதய நோய்க்கு ஏதுவான அம்சங்கள் உள்ள 192 தொழிற்சாலை ஊழியர்களிடம் நடத்திய சோதனையில், வாரம் ஒரு மணி நேரமாக எட்டு வாரம் மட்டுமே பயிற்சி பெற்றவர்களின் அழுத்தம் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் மற்றவர்களினுடையதைவிடக் குறைந்தே இருந்ததாக 1985-இல் அறிவித்தார்கள்.

இவ்வளவு சாதகமான செய்திகளோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1990-இல் நெதர்லாந்தில் வான் மான்ட்ஃப்ரான்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஆஸ்பத்திரியில் அளப்பதோடு நில்லாமல், நோயாளி நடமாடும்போதும் உறங்கும்போதும் நாள் முழுவதும் அழுத்தத்தைப் பதியும் கருவியை வைத்து ஓராண்டு கவனித்தார்கள். இலேசான அழுத்தம் உள்ளவர்களிடம், தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவும் அதில் தென்படவில்லை. பம்பாயிலும் லண்டனிலும் கண்ட இறக்கத்தில் ஒரு பகுதி, வைத்தியரைக் கண்டு படபடத்த நெஞ்சு வைத்தியரோடு பழகியதனால் ஏற்பட்டது என்று இதனால் கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால், இரத்த அழுத்தத்துக்கு மருந்துக்குப் பதிலாகச் சவாசனத்தை நம்பும்படி எந்த வைத்தியரும் இன்று கூறுவதில்லை; மருந்தோடு சேர்த்துச் செய்யலாம் என்றே கூறுகிறார்கள். தூக்கமின்மை, பதற்றம், தலைவலி ஆகியவற்றில் தளர்வுப் பயிற்சிகளுக்கு உள்ள இடம் இதைவிட உறுதியானது.

தாதேயின் நோயாளிகள் பயின்ற சவாசனத்துக்கும் நம் ஊர் யோக வகுப்புகளில் இறுதி ஐந்து நிமிடம் விளக்கணைத்துக் கிடக்கும் சவாசனத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. முன்னதில் மூச்சுக்கு ஒரு கணக்கும், கவனத்துக்கு ஓர் இடமும், பக்கத்தில் அமர்ந்து திருத்துவதற்கு ஓர் ஆளும், மூன்று வாரப் பொறுமையும் இருந்தன. பின்னதில் பாதிப் பேர் உறங்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று யோசிக்கிறார்கள். அவசரமாக அலுவலகம் போக வேண்டியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தையும் மிச்சப்படுத்திப் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னதாகவே புறப்பட்டுவிடுகிறார்கள்.